திறமூலத் திட்டங்களில் புதிய நிரல்மொழிக் கூறுகள்: ஏற்கும் காலம் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

சி நிரலாக்க மொழிக்கென 1999ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற தரவரையறை, ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'மடக்கு' என்னும் அமைப்பின் தலைப்பிலேயே அதற்குரிய மாறியை அறிவித்துக்கொள்ள இடமளித்தது. மிக எளிய வசதி இது. எனினும், உலகின் மிகப் பெரிய திறமூலத் திட்டங்களுள் ஒன்றாகிய லினக்ஸ் கெர்னல் இவ்வசதியை ஏற்றது 2022ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 5.18ஆம் பதிப்பில்தான். இடையில் கழிந்தவை 23 ஆண்டுகள்.

இக்காலத்தாழ்வு சோம்பலின் விளைவா, பழமைப்பற்றா, அன்றி அறிந்தே மேற்கொண்ட காத்திருப்பா? இவ்வினாவை முன்வைத்து, ஒரு திறமூலத் திட்டம் தான் எழுதப்பெற்ற மொழியின் புதிய கூறுகளை எப்பொழுது ஏற்றல் தகும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். எல்லா மொழிகளையும் எல்லாத் திட்டங்களையும் இங்கு ஆராய இடமில்லை. சி மொழியில் எழுதப்பெற்ற நான்கு திட்டங்களையும் பைத்தான் மொழியைச் சூழ்ந்து நிகழ்ந்த இரு மாற்றங்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பைத்தானை எடுத்துக்கொள்வதற்குத் தமிழ் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு.

சிக்கலின் இயல்பு

நாம் எழுதும் கட்டுரையில் ஒரு புதுச்சொல்லை ஆண்டால், அச்சொல்லை முன்பு அறியாதவரும் இடம் நோக்கிப் பொருளை ஒருவாறு உணர்ந்துகொள்வர். மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் தொகுப்பிக்கு அவ்வாற்றல் கிடையாது. தான் அறியாத ஒரு தொடரமைப்பைக் கண்ட அளவில் அது பணியை நிறுத்திவிடும். மென்பொருள் பாதி உருவானது, மீதி பழுதானது என்ற நிலைகூட இராது; ஒன்றுமே உருவாகாது.

ஒரு வணிக நிறுவனம் தன் மூடிய மென்பொருளைத் தன் அலுவலகத்திலேயே, தானே தேர்ந்த தொகுப்பியைக் கொண்டு தொகுத்து, விளைந்த கோப்பை மட்டுமே பயனருக்கு அளிக்கிறது. ஆதலின் அந்நிறுவனம் புதிய மொழிக்கூறுகளை நாளையே ஏற்றாலும், தொகுப்பியைப் பொறுத்தமட்டில், பயனருக்கு இடர் நேர்வதில்லை. திறமூல மென்பொருளின் நிலை வேறு. அங்கு வெளியிடப்படுவது மூலநிரல். அதனைத் தொகுப்போர், திட்டத்தார் ஒருநாளும் கண்டிராத இயந்திரங்களில், அவர்கள் தேர்ந்திராத தொகுப்பிகளைக் கொண்டு தொகுக்கின்றனர்.

அத்தொகுப்பிகள் எத்துணைப் பழமையுடையனவாக இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 என்னும் இயங்குதளம், 2013ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜிசிசி 4.8 தொகுப்பியைக் கொண்டிருந்தது. அவ்வியங்குதளத்திற்கான முறையான பராமரிப்பு 2024ஆம் ஆண்டு ஜூன் வரை நீடித்தது. அதாவது, பதினோர் ஆண்டு அகவையுடைய ஒரு தொகுப்பியை 2024இலும் ஒருவர் எவ்விதக் கவனக்குறைவுமின்றி, கட்டணம் செலுத்திய முறையான பயனராகவே பயன்படுத்தியிருக்கலாம். அத்தொகுப்பி 1999ஆம் ஆண்டுத் தரவரையறையை அறியும். ஆயினும் வெளிப்படையாகக் கட்டளையிட்டாலன்றிப் பழைய மரபையே பின்பற்றும். ஒரு தொகுப்பி ஒரு கூற்றை 'அறிந்திருத்தல்' வேறு, அதனைக் கேட்காமலே ஏற்றல் வேறு என்பதைப் பலர் இத்தகைய சிறு தடுமாற்றங்களின் வழியாகவே கற்றுக்கொண்டனர்.

பழமையைப் பேணுவதற்கும் விலையுண்டு என்பதை மறத்தலாகாது. அவ்விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள். இன்று பல்கலைக்கழகத்தில் சி மொழியைக் கற்றுவரும் மாணவர் ஒருவர் ஒரு பழைய திட்டத்திற்குப் பங்களிக்க விழைந்தால், தாம் கற்றவற்றுள் சிலவற்றை மறந்து எழுத வேண்டியுள்ளது. அவர் அனுப்பும் முதல் திருத்தம் அதன் உள்ளடக்கத்திற்காக அன்றி, மாறியை அறிவித்த இடத்திற்காகத் திருப்பியனுப்பப்படுமாயின், இரண்டாவது திருத்தம் வாராது போகலாம்.

லினக்ஸ் கெர்னல்: பிழை ஒன்று காட்டிய வழி

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், நெடுங்காலம் 1989ஆம் ஆண்டுத் தரவரையறையை அடிப்படையாகக் கொண்டு, ஜிசிசி தொகுப்பி அதற்களித்த சில நீட்டிப்புகளுடன் எழுதப்பட்டு வந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதனை மாற்றத் தூண்டியது ஓர் ஆய்வு மாணவர் அனுப்பிய திருத்தத் தொகுதியாகும். அவர் மொழியை மாற்ற வேண்டுமெனக் கேட்கவில்லை. கெர்னலில் பரவலாகக் கையாளப்படும் இணைப்புப் பட்டியல்களில் ஒரு பிழைவகை மறைந்திருப்பதையே சுட்டிக்காட்டினார்.

அப்பிழையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடைத்து. கெர்னலின் பட்டியல்களைக் கொக்கிகளால் பிணைக்கப்பெற்ற தொடர்வண்டிப் பெட்டிகளாகக் கருதலாம். ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒரு கொக்கி உண்டு. கொக்கியின் இடம் தெரிந்தால், குறிப்பிட்ட தொலைவைக் கழித்துப் பெட்டியின் தொடக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் பட்டியலின் தலையாக அமைவது கொக்கி மட்டுமே. அதற்குப் பெட்டி கிடையாது. மடக்கு எல்லாப் பெட்டிகளையும் கடந்து மீண்டும் தலைக்கொக்கியை அடையும்போது, அதே கழித்தல் கணக்கு இல்லாத ஒரு பெட்டியின் முகவரியைத் தருகிறது. மடக்கு முடிந்த பின்னர் அம்மாறியை எவரேனும் தொட்டால், அவர் வாசிப்பது வேறு எதற்கோ உரிய நினைவகத்தை. இயங்குதளத்தின் மையத்தில் இவ்வாறு நிகழுமாயின், அது பாதுகாப்புக் குறைபாடாக முடிவதற்கும் வாய்ப்புண்டு.

பழைய தரவரையறையின்படி அம்மாறியை மடக்கிற்கு வெளியேதான் அறிவிக்க முடியும். ஆகவே மடக்கு முடிந்த பின்னரும் அது எட்டும் இடத்திலேயே இருந்தது. மடக்கின் தலைப்பில் அறிவிக்கப்பெற்ற மாறியோ மடக்குடனேயே மறைந்துவிடும். அதனைப் பின்னர்த் தொட முயன்றால், அப்படி ஒரு மாறியே இல்லை எனத் தொகுப்பியே தடுத்துவிடும். மனிதர் கண்விழித்துத் தேட வேண்டிய ஒரு பிழைவகை, எழுதவே இயலாத ஒன்றாகிவிடுகிறது. டோர்வால்ட்ஸ் இதனைக் கண்டே தரவரையறையை உயர்த்த முன்வந்தார்.

இங்குக் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி உண்டு. முதலில் பேசப்பட்டது 1999ஆம் ஆண்டுத் தரவரையறையே. ஆனால் 2021ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியான 5.15ஆம் பதிப்பிலேயே, கெர்னலைத் தொகுக்கக் குறைந்தது ஜிசிசி 5.1 வேண்டும் என்ற விதி வேறு காரணங்களுக்காக வந்துவிட்டிருந்தது. அத்தொகுப்பி இயல்பாகவே 2011ஆம் ஆண்டுத் தரவரையறையைப் பின்பற்றுவது. ஆகவே 1999இல் நின்றுவிடுவதற்குக் காரணமில்லை என எடுத்துரைக்கப்பட்டது. திட்டம் நேரே 2011க்குச் சென்றது. புதிதாக எந்தப் பயனருக்கும் கதவு சாத்தப்படவில்லை. சாத்த வேண்டிய கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது.

ஒரு கூறு பழகிப்போனது என்பதோ, அதற்குப் பிறகு இரண்டு தரவரையறைகள் வந்துவிட்டன என்பதோ இங்குக் காரணமாகக் கொள்ளப்படவில்லை. திட்டத்தின் சொந்த நிரலில் இருந்த நோய் ஒன்று அக்கூற்றைப் பெயர் சொல்லிக் கேட்டது. கொடுப்பதற்கான செலவும் அப்பொழுது ஏறத்தாழ இல்லாமலிருந்தது. ஏற்கும் காலம் கனிந்துவிட்டது என்பதற்கு இவ்விரண்டையும்விடத் தெளிவான அடையாளம் இருப்பதாக நாம் கருதவில்லை.

கிட்: வெள்ளோட்டம் விடும் முறை

கெர்னலுக்கு வாய்த்த தெளிவு எல்லாத் திட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை. தம் பயனர் எத்தொகுப்பியைக் கையாள்கின்றனர் என்பதே பல திட்டங்களுக்குத் தெரியாது. கேட்டறியலாம் எனில், கேட்கும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. திட்டத்தின் உரையாடல்களைப் பின்தொடர்வோர் பொதுவாகப் புதிய கருவிகளை வைத்திருப்போர். பழைய இயந்திரத்தோடு போராடுபவர் தம் அலுவலகத்தின் ஒரு மூலையில் அமைதியாக இருக்கிறார்; தொகுப்பு முறியும் நாளில்தான் அவர் குரல் கேட்கும்.

மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட் என்னும் மென்பொருள், 2005ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸால் தொடங்கப்பெற்று, அவ்வாண்டு முதலே ஜூனியோ ஹமானோவால் பராமரிக்கப்பட்டு வருவது. இத்திட்டத்தார் இச்சிக்கலுக்குக் கண்ட வழியை அவர்கள் 'சோதனை பலூன்' என்கின்றனர். புதுக்கப்பலைச் சரக்கேற்றுமுன் கடலில் விட்டுப் பார்ப்பதை நாம் வெள்ளோட்டம் என்போம். அச்சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. எல்லாரும் தொகுத்தே ஆகவேண்டிய ஒரு கோப்பில், எளிதில் திரும்பப் பெறத்தக்க ஓரிடத்தில், புதிய கூற்றை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்துவர். பின்னர்ச் சில வெளியீடுகள் வரை காத்திருப்பர். எங்கிருந்தேனும் முறையீடு வந்தால் அவ்வொரு வரியை மாற்றினால் போதும். வாராவிடில் அக்கூறு திட்டம் முழுமைக்கும் திறந்துவிடப்படும்.

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பெயர்ப் பட்டியலின் இறுதி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி இடும் வழக்கம் கிட்டின் மூலநிரலில் இடம்பெற்றது. பிற்காலத்தில் புதிய உறுப்பொன்றைச் சேர்க்கும்போது முந்தைய வரியைத் தொட வேண்டியதில்லை என்பதே இதன் பயன். 2017ஆம் ஆண்டின் நடுவில், கட்டமைப்பு ஒன்றின் புலங்களை வரிசைப்படி அன்றிப் பெயர் குறிப்பிட்டு நிரப்பும் முறை வெள்ளோட்டம் விடப்பட்டது. படிவம் ஒன்றில் 'மூன்றாவது கட்டத்தில் இதை எழுதுக' என்பதற்கும் 'பிறந்த ஊர் என்ற கட்டத்தில் இதை எழுதுக' என்பதற்கும் உள்ள வேறுபாடே அது. மடக்கின் தலைப்பில் மாறியை அறிவிப்பது 2021ஆம் ஆண்டின் இறுதியில் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 1999ஆம் ஆண்டுத் தரவரையறையைத் தொகுப்பி ஏற்கிறதா என நேரடியாகவே வினவி, இல்லையேல் நிறுத்திவிடும் சில வரிகளும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு கூறும் தனித்தனியே தேர்வெழுதித் தேறியது எனலாம்.

இம்முறையை நாம் பெரிதும் மதிக்கிறோம். எனினும் குறையற்றதெனக் கூற இயலாது. நெடுங்கால ஆதரவுள்ள இயங்குதளங்களில் புதிய வெளியீடு சென்று சேரவே சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் சோதனைக் காலம் முடிந்துவிடின், அங்கிருப்போரின் அமைதி உடன்பாடாக எண்ணப்பட்டுவிடும்.

ஏலாமையும் பகுதி ஏற்பும்

ஏற்காமல் இருப்பதும் தக்க விடையாகலாம் என்பதற்குக் கர்ல் சான்று. இணையவழித் தரவுகளைப் பெறவும் அனுப்பவும் உதவும் இந்நிரலகம் 1998ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் வழங்கி வருகிறது. கைப்பேசிகளிலும் ஊர்திகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் அது உள்ளது. அது இயங்கும் என அறியப்பட்ட இயங்குதளங்கள் நூற்றளவின. அதனைத் தொடங்கி நடத்திவரும் டேனியல் ஸ்டென்பர்க் 1999ஆம் ஆண்டுத் தரவரையறைக்கு மாறுவது பற்றி 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாக எண்ணிப்பார்த்து, 1989இலேயே நிற்பதென முடிவு செய்தார். எளிதில் எங்கும் எடுத்துச் செல்லத்தக்கதாய் இருப்பதே கர்லின் தலையாய பண்பு. புதிய கூறுகள் அதற்குத் தருவனவோ சிறிய வசதிகள். கெர்னலில் இருந்தது போன்ற நோய் அங்கு இல்லை. ஆகவே மருந்தும் வேண்டியதாயிற்றில்லை.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள அமைப்பு இடைப்பட்ட வழியை மேற்கொண்டது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவெடுத்து, 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் 1999ஆம் ஆண்டுத் தரவரையறையை அது வேண்டலாயிற்று. அதற்கு முன் அதனைத் தடுத்துக்கொண்டிருந்தவற்றுள் முதன்மையானது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தொகுப்பி. விஷுவல் ஸ்டூடியோ 2013க்கு முற்பட்ட பதிப்புகள் அத்தரவரையறையின் பல கூறுகளைக் கொண்டிருக்கவில்லை. தரவரையறையை ஏற்ற பின்னரும், கட்டளைகளுக்கு இடையிடையே மாறிகளை அறிவிக்கும் பழக்கத்தைப் போஸ்ட்கிரெஸ் தன் நடைவிதிகளால் விலக்கியே வைத்தது. மொழி அனுமதிக்கும் யாவற்றையும் திட்டம் அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பைத்தான்: பதினைந்து, ஐந்து, மூன்று

இதுவரை கண்டவை சிறிய கூறுகள். பைத்தான் 2இலிருந்து பைத்தான் 3க்கு நிகழ்ந்த மாற்றம் அளவிற் பெரியது. தமிழர்க்கு நேரடித் தொடர்புடையதுங்கூட.

'தமிழ்' என்ற சொல்லை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமித்த ஒரு கோப்பில் எழுதி, அதன் நீளம் யாதெனப் பைத்தான் 2இடம் இயல்பான முறையில் கேட்டால், விடை 15. பைத்தான் 3இடம் கேட்டால், விடை 5. தொடக்கப்பள்ளி மாணவரிடம் கேட்டால், விடை 3. பைத்தான் 2 எண்ணியது நினைவகத்தில் சேமிக்கப்படும் பைட்டுகளை. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். பைத்தான் 3 எண்ணியது ஒருங்குறியின் குறிகளை: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. மூன்று என்ற விடையைப் பெற, உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள்ளும் நம் இலக்கணத்தைத் தனி நிரலாக எழுதியே ஆகவேண்டும். இருப்பினும் 15இலிருந்து 3ஐ அடைவதைவிட 5இலிருந்து அடைவது எளிது. பைத்தான் 2இலும் ஒருங்குறிச் சரங்கள் தனி வகையாக இருந்தன. ஆனால் அவை இயல்பானவையாக இல்லை. அடையாளமிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தை மட்டும் கையாள்பவர்க்கு இம்மாற்றம் தேவையற்ற தொல்லையாகத் தோன்றியதிலும், தமிழையோ சீனத்தையோ கையாள்பவர்க்கு நெடுநாள் குறை தீர்ந்ததாகத் தோன்றியதிலும் வியப்பில்லை.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008ஆம் ஆண்டு டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு 2015இல் முடியும் என முதலில் கூறப்பட்டது. உலகம் ஆயத்தமாகாமையால் 2014ஆம் ஆண்டில் அக்கெடு 2020க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இறுதி வெளியீடாகிய 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுள் பெரும்பகுதியில், நிரலகங்களை எழுதுவோர் இரு பதிப்புகளிலும் இயங்கும் நிரலையே எழுத நேர்ந்தது. அதாவது, புதிய பதிப்பின் சிறப்புகளுள் பழையதில் இல்லாதவற்றைப் பயன்படுத்தாமலே புதியதை ஆதரித்தனர். திஸ்கி முதலிய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்குத் தமிழ்க் கோப்புகளை மாற்றிய காலத்தை நினைவிற் கொண்டோர் இந்நிலையை எளிதில் உணர்வர்.

இம்முட்டுக்கட்டையை விடுவித்தவற்றுள் ஒன்று, அதிகம் பேசப்படாத ஒரு சிறு ஏற்பாடு. நிரலகங்களை நிறுவித் தரும் பிப் என்னும் கருவி, 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 9ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு நிரலகமும் தனக்கு வேண்டிய பைத்தான் பதிப்பை அறிவித்திருந்தால் அதனை மதித்து நடந்தது. பைத்தான் 2 பயனர் ஒருவர் ஒரு நிரலகத்தைக் கேட்டால், அவருக்கு ஒவ்வாத புதிய வெளியீட்டைத் தந்து முறியச் செய்யாமல், அவருக்கு ஏற்ற கடைசிப் பழைய வெளியீட்டைத் தானே தேர்ந்து தந்தது. இதற்குப் பின்னரே பெரிய திட்டங்கள் துணிந்தன. ஐபைத்தான் 2017 ஏப்ரலிலும், ஜாங்கோ அவ்வாண்டு டிசம்பரிலும் பைத்தான் 2ஐ விட்டன. ஜாங்கோ தன் 1.11ஆம் பதிப்பை 2020 வரை பேணியது. நம்பை தன் 1.16ஆம் பதிப்பை 2019 முடியும் வரை பேணியது. பழைய பயனர் முன்னேறவில்லை. ஆனால் நடுத்தெருவில் விடப்படவுமில்லை.

2019ஆம் ஆண்டில் நம்பை திட்டத்தார் இத்தகைய விவாதம் ஒவ்வொரு முறையும் எழாதிருக்க ஒரு காலவிதியை வகுத்தனர். பைத்தானின் எந்தப் பதிப்பும் வெளிவந்த நாளிலிருந்து 42 மாதங்கள் ஆதரிக்கப்படும் என்பது அது. நாட்காட்டியைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பைத்தானைப் புதுப்பிப்பது பெரும்பாலோர்க்கு எளிது என்பதால் இவ்விதி அங்குப் பொருந்தியது. கர்ல் போன்ற ஒன்றுக்கு இதனை அப்படியே பொருத்தினால் தீங்கே விளையும்.

ரஸ்ட்: வெள்ளோட்டமே கலம் கவிழ்த்தபோது

குறியாக்கவியலுக்கான 'கிரிப்டோகிராஃபி' என்னும் பைத்தான் நிரலகம், 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட 3.4ஆம் பதிப்பில் ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதியைச் சேர்த்தது. நோக்கம் குறைகூறத்தக்கதன்று. அயலாரிடமிருந்து வரும் சான்றிதழ்களைப் பகுத்துப் படிக்கும் பணியில் சி மொழியின் நினைவகப் பிழைகள் பெருங்கேடு விளைப்பவை. ரஸ்ட் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொகுக்கும்போதே தடுத்துவிடும். கெர்னல் நிகழ்வில் கண்ட முதல் அடையாளம் இங்கும் தெளிவாகவே இருந்தது. இரண்டாவதே இல்லாது போயிற்று.

பெரும்பாலான பயனர்க்கு முன்னரே தொகுக்கப்பெற்ற கோப்புகள் கிடைத்தமையால் இடரில்லை. ஆல்பைன் லினக்ஸைப் பயன்படுத்தியோர்க்கு அப்பொழுது அத்தகைய கோப்புகள் இல்லை. தாமே தொகுக்க வேண்டும். அவர்களிடமோ ரஸ்ட் தொகுப்பி இல்லை. ஆல்ஃபா, ஹெச்பி பிஏ-ரிஸ்க் முதலிய பழைய செயலிகளுக்கு ரஸ்ட் தொகுப்பியே கிடையாது. இவர்களுள் பலர் இந்நிரலகத்தைத் தாம் பயன்படுத்துவதையே அன்றுதான் அறிந்தனர். வேறொரு நிரலகத்தின் பின்னே அது மறைந்து வந்திருந்தது. மாற்றம் குறித்துத் திட்டத்தின் அரங்கில் முன்னரே பேசப்பட்டிருந்தது உண்மை. பாதிக்கப்படுவோர் அந்த அரங்கில் இல்லை என்பதும் உண்மை.

பின்னர் எழுந்த வாதங்களில் இருதரப்பாரும் கடுஞ்சொல் பேசினர். ஊதியமின்றி உழைப்போர் அருங்காட்சியகத்திற்குரிய இயந்திரங்களைச் சுமக்கக் கடமைப்பட்டவரல்லர் என்பது ஒரு பக்கம். உலகமே சார்ந்திருக்கும் நிரலகம் முன்னறிவிப்பின்றித் தரையை உருவக்கூடாது என்பது மறுபக்கம். நம் பார்வையில் திட்டத்தாரின் திசை சரியானது. 3.4இல் ரஸ்ட் பகுதியை விலக்கி நிறுவவும் ஒரு வழி வைத்திருந்தனர்; அவ்வகையில் அதுவும் ஒரு வெள்ளோட்டமே. ஆனால் கிட்டின் ஒற்றை வரியைப் போன்றதன்று அது. கேட்காமலே செயற்படும் ஒரு முழுத் தொகுப்பியின் தேவை. மேலும் 3.3க்குப் பின் 3.4 என்ற எண்ணைக் கண்ட எவரும் பெருமாற்றம் ஒன்றை எதிர்பார்த்திருக்கமாட்டார். அக்குழப்பத்திற்குப் பின் திட்டத்தார் பதிப்பெண் முறையையே மாற்றினர். 3.4 வரிசைக்கு அடுத்து 2021 செப்டம்பரில் வந்த வெளியீடு 35.0 என எண்ணிடப்பட்டது. சான்றிதழ்களைப் பகுக்கும் பணி அதில் ரஸ்ட்டுக்கு மாறியது. ரஸ்ட் இன்றி நிறுவும் வழி நீக்கப்பட்டது. அத்தொகுப்பி இல்லாத இயந்திரங்களுக்கு எஞ்சியது 3.4 வரிசையே.